பனிமேல் வைத்த பந்து

பிரெக்கே வீட்டில், அமெரிக்கக் கால்பந்தில் டச்டவுன் போட்டுவிட்டு யாரும் குதித்து ஆடியதில்லை. டோர்வல்டின் அப்பா ஆடவில்லை, டோர்வல்டும் ஆடவில்லை. பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். அதுதான் டச்டவுன் என்று நடுவர் இரண்டு கைகளையும் வானத்துக்கு நிமிர்த்துவார். பந்தை அவரிடம் மரியாதையாகக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். மார்பில் அறைந்துகொள்வதும் இடுப்பை வளைப்பதும் மற்ற வீட்டுப் பிள்ளைகளின் வேலை.

இந்த ஆண்டு அந்தப் பிள்ளைகளுக்கும் ஆட வாய்ப்பில்லை. இலைகள் சிவக்கத் தொடங்கியதிலிருந்து கல்லூரி அணி சனிக்கிழமைதோறும் தோற்றது. மழையில் தோற்றது, வெயிலில் தோற்றது, எதிரில் நிற்பவன் யாரென்றே தெரியாத மூடுபனியிலும் தோற்றது. டோர்வல்டின் மகன் நீல்ஸுக்கு இது கடைசி ஆண்டு. எதிரணியை முட்டி மோதி, மற்றவர்கள் ஓட வழி திறந்துவிடுவது அவன் வேலை. பந்து அவன் கைக்கு வருவதே அரிது. பிரெக்கே என்ற பெயர், தானும் தன் அப்பாவும் ஓடிய அந்த மைதானத்தின் ஒலிபெருக்கியில் இன்னொரு முறை கேட்காமலே போய்விடுமோ என்று டோர்வல்டுக்கு உள்ளுக்குள் அரித்தது.

கடைசி ஆட்டத்தன்று மினசோட்டா வானம் இறங்கி வந்து மைதானத்தில் படுத்துக்கொண்டது. கோடுகளெல்லாம் பனிக்கு அடியில் போயின. துடைப்பத்தோடு வந்தவர்கள் கூட்டிய இடம் அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே மறுபடி வெளுத்தது.

"யோவ் டோர்வல்ட், உம் பையன் எங்கய்யா? எனக்கு எல்லாம் பனி பொம்மையாத் தெரியுது," என்றார் பக்கத்து இருக்கை கோர்டி.

"முதுகு நேரா நிக்கிறவன்தான் எம் பையன்."

"அது கோல் கம்பம்யா."

டோர்வல்டின் மனைவி மார்னா, சிரிப்பைக் காப்பிக் கோப்பைக்குள் மறைத்தாள்.

ஒரு டச்டவுன் விழுந்தால் வெற்றி என்ற நிலையில், ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், யார் கையிலிருந்தோ நழுவிய பந்து துள்ளி வந்து நீல்ஸின் மார்பில் தங்கியது. அவன் ஓடினான். காலடிச் சத்தமே இல்லை. துரத்தியவர்கள் தூக்கத்தில் புரள்பவர்களைப்போல மெல்லச் சரிந்து விழுந்தார்கள். அவன் மட்டும் வெண்மைக்குள் வெண்மையாகப் போய்க்கொண்டே இருந்தான். ஓடுவது மகனா, தானா, தன் அப்பாவா என்று டோர்வல்டுக்குப் பிரித்தறிய முடியவில்லை.

"ஓடு ராசா, ஓடு!" என்றாள் மார்னா.

"பிரெக்கே! பிரெக்கே!" என்றது ஒலிபெருக்கி.

நீல்ஸ் நின்றான். நடுவர் வெகு பின்னால் வழுக்கி விழுந்து கிடந்தார். பந்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அவன் குனிந்து, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல் அதைப் பனிமேல் வைத்துவிட்டு நிமிர்ந்து திரும்பினான்.

யாரும் கைகளை உயர்த்தவில்லை. விசிலும் ஊதவில்லை. எதிரணிப் பையன் ஒருவன் பந்தருகே வந்து, நம்பமுடியாமல் சுற்றுமுற்றும் பார்த்து, அதை எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு ஓடத் தொடங்கினான்.

"அட கடவுளே! கோட்டுக்கு இந்தப் பக்கமே வெச்சிட்டான்யா!" என்று கோர்டி அலறினார்.

அப்படி முடிந்தது அந்த ஆண்டு.

கடைசி ஆட்டம் முடிந்ததும் பெற்றோர் மைதானத்தில் இறங்கிப் பிள்ளையோடு நிற்பது அங்கே வழக்கம். கோர்டி டோர்வல்டின் தோளைத் தொட்டார்.

"பின்பக்கமா போயிடலாம்யா. என் வண்டி அங்கதான் நிக்குது."

"பிரெக்கே வீட்டுக்காரன் பின்பக்கமா போனதில்ல."

நீல்ஸ் பந்தை வைத்த அதே இடத்தில் நின்றிருந்தான். அதே பந்து, யாரோ திரும்பக் கொண்டுவந்து வீசிவிட்டுப் போக, அவன் காலடியில் கிடந்தது.

"நீங்க சொன்ன மாதிரிதாம்ப்பா வெச்சேன்."

"பாத்தேன். நம்ம வீட்டுல வைக்கிற மாதிரிதான் வெச்ச."

டோர்வல்ட் பூட்ஸ் முனையால் பனியைச் சுரண்டினார். பச்சைப் புல். இன்னும் கொஞ்சம் சுரண்டினார். வெள்ளைச் சுண்ணக்கோடு தெரிந்தது. பந்துக்கும் கோட்டுக்கும் ஒரே ஓர் எட்டு தூரம்.

"எடுத்துட்டு வா."

நீல்ஸ் பந்தோடு கோட்டைத் தாண்டி, அப்பாவிடம் இரு கைகளாலும் நீட்டினான். அவர் அதை வாங்கி மார்னாவிடம் கொடுத்தார். பிறகு முதுகை நிமிர்த்தி, யாருமற்ற இருக்கைகளைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினார்.

"போதும்ங்க, கை வலிக்கும்," என்றாள் மார்னா.

அவர் இறக்கவில்லை. பனி அவர் உள்ளங்கைகளில் விழுந்துகொண்டே இருந்தது.