பசை காயும் நேரம்

சனிக்கிழமை மூன்றரைக்கு பிசியோதெரபிஸ்ட் வருவார். அப்பாவின் வலது கையையும் காலையும் நீட்டி மடக்கி, நாலரைக்குக் கிளம்பிவிடுவார். அந்த ஒரு மணி நேரம்தான் வாரம் முழுக்க அவளுக்கென்று இருந்தது. மற்றபடி காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேஜை. இரண்டரைக்கு வேலைக்கார அம்மாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். அவர் வெளியே போக, இவள் உள்ளே வருவாள். அதற்கப்புறம் மறுநாள் விடியும்வரை அந்த இரண்டு அறைகள்தான்.

அப்பா முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனது, கடிகாரத்தை மட்டும் விட்டுவைத்தது. எதிர்ச்சுவரில் அது மாட்டியிருக்கும். இரண்டரை தாண்டி நாலு நிமிஷம் ஆனாலும் எவர்சில்வர் தம்ளரைக் கரண்டியால் தட்டத் தொடங்கிவிடுவார். குளிக்கப் போனால் தட்டுவார். அடுப்பங்கரையில் கொஞ்சம் அதிகம் நின்றால் தட்டுவார். என்ன வேண்டும் என்று ஓடிவந்து கேட்டால், பெரும்பாலும் ஒன்றும் வேண்டியிருக்காது. "இரு" என்பார். அவருக்கு மிஞ்சிய நாலைந்து சொற்களில் அது ஒன்று.

அவர் கட்டிலுக்கு மேலிருந்த ஜன்னல் வழியாகச் சாலையைத் தாண்டி ஒரு பொட்டல் வெளி தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சிலர் கிளைடர் என்கிற குட்டி மர விமானம் விடுவார்கள். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. கையால் எறிந்தால் காற்றில் ஏறி, யாருக்கும் அவசரமில்லாததுபோல ஒரு சுற்று சுற்றி இறங்கும். போர்வை மாற்றும் சாக்கில் அவள் அதைப் பார்ப்பாள். ஏழெட்டு மாதம் பார்த்தபின் ஒரு சனிக்கிழமை, மூன்று நாற்பதுக்கு, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த மாடல் விமானக் கடைக்கு ஏறிப் போனாள்.

கடைக்காரருக்குத் தாடி மார்புவரை இருந்தது. கையெல்லாம் காய்ந்த பசை.

"யாருக்கு மேடம்? பையனுக்கா?"

"எனக்குத்தான்."

அவர் சிரிக்கவில்லை. அது அவளுக்குப் பிடித்தது. "முன்னாடி ஏதாவது செஞ்சிருக்கீங்களா?"

"கிளைடர் செஞ்சதில்ல. ஆனா பதினெட்டு வருஷமா பேட்டர்ன் வெட்டறேன். கத்தி பிடிச்சா கோடு தாண்டாது."

"கத்தி பெரிய விஷயமில்ல. மூணே கேள்வி. விடறதுக்கு இடம் இருக்கா? பசை காயறவரைக்கும் யாரும் தொடாத சமமான பலகை இருக்கா? ஒரே மூச்சா எவ்வளவு நேரம் உட்கார முடியும்?"

முதல் கேள்விக்குப் பொட்டல் வெளியைச் சொன்னாள். மற்ற இரண்டுக்கும், "அதெல்லாம் இருக்கு சார். நேரத்துக்கு என்ன குறை?" என்றாள். சொன்ன வேகத்தில் அவளுக்கே அது நிஜம்போல இருந்தது.

மேல் தட்டில் ஒரு பெட்டி. படத்தில் இரண்டு மீட்டர் இறக்கை, மெல்லிய தாள் போர்த்தி, உள்ளே விலா எலும்புபோல வரிசையாக மரத்துண்டுகள் தெரிந்தன. அவள் கண் அதைவிட்டு நகரவில்லை.

"முதல் தடவைக்கு அது வேணாம் மேடம்," என்றார் தாடிக்காரர். "இறக்கைல மட்டும் நாப்பத்திரண்டு துண்டு. அகலக்கால் வைக்காதீங்க. முதல் கிளைடர்ங்கறது உடையறதுக்குன்னே வாங்கறது. சின்னதா ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, உடைங்க, ஒட்டுங்க."

"எனக்கு அதுதான் வேணும்."

வாழ்க்கையில் எதையும் அவள் இத்தனை அழுத்தமாகக் கேட்டதில்லை. கடைக்காரர் பெட்டியை இறக்கிக் கொடுத்தார்.

வீட்டில் வரைபடத்தை விரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதன் நீளத்துக்கு மேஜையே இல்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே தரையில் விரித்து, மேலே மெழுகுத்தாள் போட்டு, குண்டூசியால் துண்டுகளைக் குத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று விலாக்கள் ஒட்டுவாள், தம்ளர் சத்தம் கேட்கும். எழுந்து போய்த் தலையணையைச் சரிசெய்து வந்தால், தடவி வைத்த பசைமேல் பாலேடுபோல ஆடை படர்ந்திருக்கும். சுரண்டிவிட்டு மறுபடி தடவுவாள். மறுபடி தம்ளர். ஒருநாள் அவசரத்தில் எழுந்தபோது காலில் தாள் மாட்டி ஒரு சாண் இழுத்துக்கொண்டது. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஐந்தாவது சனிக்கிழமை, முடித்த இடது இறக்கையைப் பழைய சேலையில் சுற்றிக் கடைக்கு எடுத்துப் போனாள். தாடிக்காரர் ஒரு முனையைக் கண்ணருகே வைத்து, மறுமுனைவரை பார்வையை ஓட்டினார்.

"முறுக்கிக்கிச்சு. இது பறக்காது மேடம், பம்பரம் மாதிரி சுத்தும். பாதி காயறப்ப எழுந்து எழுந்து போயிருக்கீங்க."

வெட்டு ஒவ்வொன்றும் மயிரிழை பிசகாமல் இருந்தது அவளுக்குத் தெரியும். "பொய் சொன்னேன் சார்," என்றாள். "நேரமெல்லாம் இல்ல. பலகையும் இல்ல. அப்பா படுத்த படுக்கை. பத்து நிமிஷம் சேர்ந்தாப்ல எனக்குக் கிடைக்காது. இங்க நிக்கறேன் பாருங்க, இதுகூட நாலரை வரைக்கும்தான்."

அவர் கல்லாவுக்குக் கீழே குனிந்து, பென்சில் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான ஒன்றை எடுத்து வைத்தார்.

"அப்ப இதுதான் உங்களுக்கு. இறக்கை முழுசா ஒரே தகடு, அரை மீட்டர்கூட இல்ல. உடம்பு ஒரு குச்சி, வால் ரெண்டு துண்டு. தேய்க்கற வேலையை அஞ்சஞ்சு நிமிஷமா பிரிச்சுக்கலாம். ஒரே ஒரு இடம்தான் கஷ்டம். இறக்கையை நடுவுல வெட்டி, லேசா மேல தூக்கின மாதிரி ஒட்டணும். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அது அசையக்கூடாது."

"இது பசங்க விளையாட்டுச் சாமானாட்டம் இருக்கே."

"நல்லா பறக்கற சாமான்."

மூக்கறுபட்டதுபோல இருந்தாலும் வாங்கிக்கொண்டாள்.

தேய்ப்பது எளிதாகத்தான் இருந்தது. சோறு வேகும் நேரத்தில் ஒரு விளிம்பு, துணி ஊறும் நேரத்தில் இன்னொன்று. வாலையும் ஒட்டியாயிற்று. மிஞ்சியது அந்த ஒரு மணி நேரம். தரையில் வைத்தால் மிதிபடும். அடுப்பு மேடை ஈரம். வீட்டிலேயே கோணல் இல்லாத பலகை ஒன்றுதான்: சாப்பாட்டுக்காக அப்பாவின் தொடைக்கு மேல் குறுக்கே போடும் கட்டில் மேஜை.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துவிட்டு, மேஜையைத் துடைத்து, இறக்கையை அதில் வைத்தாள். ஒரு நுனிக்கடியில் தீப்பெட்டியை முட்டுக்கொடுத்து, பசை தடவி, குண்டூசி குத்தினாள். தம்ளர் மேஜைமேல் இருக்க முடியாதே. அவர் கைக்கு எட்டாத ஜன்னல் திண்டில் வைத்தாள்.

"அசையாதீங்கப்பா. பசை காயுது. ஒரு மணி நேரம்."

அப்பா இறக்கையைப் பார்த்தார். தம்ளரைப் பார்த்தார். இடது கை எழும்பி, மேஜை விளிம்பில் இடித்து, திரும்பிப் படுக்கையில் விழுந்தது. "எடு" என்றார்.

"இப்ப எடுக்கக்கூடாது."

அவள் அடுப்பங்கரைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். சத்தமே இல்லை. ஆறிப்போக விடாமல், சூடாகவே ஒரு தேநீர் குடித்தாள். எத்தனை வருஷமாயிற்று! நாலு மணிக்குப் போய்த் தொட்டுப் பார்த்தாள். பசை கல்லாக இறுகியிருந்தது.

"எடு," என்றார் அப்பா.

"இன்னும் காயல," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது, அது அவளுக்கே பயமாக இருந்தது. அப்புறம் எழுந்து போனாள். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். காதோரம் ஈரம். படுக்கையும் நனைந்திருந்தது. ஒன்றுக்கு வந்து கேட்டிருக்கிறார். அவருக்கு "எடு" என்பதைத் தவிர வேறு சொல் கிடைக்கவில்லை.

மேஜையைத் தூக்கி அப்பால் வைத்தாள். வேட்டி மாற்றினாள், வெந்நீரில் துடைத்தாள், விரிப்பு மாற்றினாள். "தப்பு பண்ணிட்டேம்ப்பா," என்றாள். அவர் திரும்பவில்லை. அவரைப் பூட்டி வைக்கும் அளவுக்குத் தான் போய்விட்டது அவளுக்கு விளங்கியது. இனிமேலும் இப்படியே போனால், நாளைக்கு இதைவிட மோசமாக ஏதாவது செய்வாள் என்பதும்.

அன்றே அண்ணனுக்கு போன் செய்தாள். மூன்று தெரு தள்ளித்தான் அவன் வீடு.

"ஞாயித்துக்கிழமை காலைல எட்டுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் நீ வந்து அப்பாவைப் பார்த்துக்கணும்."

"ஏன்மா, என்ன விசேஷம்?"

"கிளைடர் விடப் போறேன்."

"என்ன விடப் போற?" சிரித்தான். "நாப்பத்தொரு வயசுல உனக்கு இது தேவையா? எனக்கு வாரத்துல ஒரு நாள்தான் லீவு."

"எனக்கு அதுவும் இல்லண்ணா. ஒன்பது வருஷமா அப்பாவை நான்தான் பார்த்துக்கறேன். நீ வரலைன்னா அப்பாவை ஆட்டோல ஏத்தி உன் வீட்டு வாசல்ல இறக்கிட்டுத்தான் போவேன். அண்ணிகிட்டயும் சொல்லிடு."

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

ஞாயிறு எட்டு இருபதுக்கு வந்தான். அவள் பொட்டல் வெளிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். முதல் வீச்சில் கிளைடர் தலையைத் தூக்கி, தயங்கி, தொப்பென்று விழுந்தது. கடைக்காரர் சொன்னபடி மூக்கில் களிமண் அப்பினாள். இரண்டாவது நேராக மண்ணில் குத்தியது. கொஞ்சம் கிள்ளி எடுத்தாள். மூன்றாவது வீச்சில் அது கையைவிட்டு வழுக்கிப் போனது. போய்க்கொண்டே இருந்தது. புல்நுனிகளுக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில், இடப்பக்கம் மெல்லச் சாய்ந்து, ஒரு முறைகூடத் தடுமாறாமல். ஒன்பது வரை எண்ணினாள், அப்புறம் எண்ண மறந்துவிட்டாள்.

போன் அடித்தது. "அப்பா என் கையால ஒரு வாய் வாங்கமாட்டேங்கறாரு. எப்ப வர்ற?"

"பதினொண்ணுக்கு."

"இப்ப ஒன்பதேகால்தான் ஆகுது!"

"தெரியும்ணா," என்று வைத்துவிட்டாள். பத்து ஐம்பதுவரை விட்டாள், எடுத்தாள், விட்டாள். வீடு திரும்பியபோது அண்ணன் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான். சட்டையில் கஞ்சி சிந்தியிருந்தது. அடுத்த வாரம் வருகிறானா என்று கேட்டாள்.

"பார்க்கலாம்."

"பார்க்கறதெல்லாம் இல்ல. வர்ற."

அடுத்த வாரம் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தான். அதற்கடுத்த வாரம் வரவேயில்லை, போனும் எடுக்கவில்லை. அன்று முழுக்க அவள் ஜன்னலருகே போகாமல் துணி துவைத்தாள். நாலாவது வாரம் அண்ணி வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. வந்தாள், அது போதும். இவள் கிளைடரைச் சேலைத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அப்பாவிடம் "பதினொண்ணுக்கு வந்துடறேன்" என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "போ" என்றார். கோபமாகவா சம்மதமாகவா என்று நின்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. இறங்கிப் போய்விட்டாள்.