விளையில் தொட்ட விரல்

ஷாஜன் தாய்லாந்திலிருந்து கொண்டுவந்த வெண்கலப் புத்தரை எங்கே வைத்தாலும், வலது கை விரல்களுக்குக் கீழே தரை பிளந்து மண் தெரிகிறவரை அது அடங்கவில்லை. முதலில் ஷோகேஸ் கண்ணாடி போனது. அடுத்தது ஹால் டைல்ஸ். முற்றத்துக்கு மாற்றினார்கள், புதிதாகப் பதித்த இன்டர்லாக் கல் இரண்டாகப் பிளந்தது. சிலை ஒரு சாண் உயரம்தான். இடது கை மடியில் கிடக்க, வலது கை முழங்காலைத் தாண்டித் தரையை நோக்கி இறங்கியிருக்கும். பட்டாயாவில் ஹோட்டல் அடுக்களையில் வேலைக்கு நின்ற ஷாஜன், நூற்றாண்டுகள் பழசு என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கி, ரைஸ் குக்கருக்குள் ஒளித்துக் கடத்திவந்திருந்தான். கோவளத்தில் வெள்ளைக்காரனுக்கு விற்க எண்ணம். அவன் அம்மா செல்லபாய், குடும்ப ஜெபம் முடிகிறவரை அதன்மேல் தோர்த்துத் துண்டு போட்டு மூடிவைப்பாள். தரை வெடித்ததைப் பற்றி அவள் சொன்னது ஒன்றுதான்: “டைல்ஸ்காரன் ஒட்டினது சரியில்ல.”

தரையைக் கூட்டி அள்ளியவள் தங்கை சுபிதா. அந்தக் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள், மேலே படிக்காதவள். படிப்பு முடிந்த மாதமே அப்பா ஞானசிங் ஒரு பக்கம் இழுத்துப் படுத்துவிட்டார். அண்ணன் வரவில்லை, குரல் மட்டும் போனில் வந்தது. பேச்சிப்பாறை அணையிலிருந்து வரும் சானல் தண்ணீர் அவர்களுடைய வாழை விளைவரைக்கும் வந்து எட்டாது. மேட்டில் கிடந்த அந்த நிலத்தின் நேந்திரன் வாழைகளுக்குச் சுபிதாதான் வருஷக்கணக்காகச் சானலிலிருந்து தலையில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். குடம் உட்கார்ந்த உச்சியில் மயிர் கொட்டி வழுக்கை விழுந்தது. அதைத் தடவிப்பார்த்துத்தான் அப்பா, செல்லபாயும் பக்கத்தில் இருக்கும்போதே, “விளை உனக்குத்தாம்மக்கா” என்றார். மறு மாதம் செத்துப்போனார். எழுதிவைக்கவில்லை. அந்த ஊரில் பெண்ணுக்குக் கல்யாணத்தன்று நகை, ஆணுக்கு நிலம். கர்த்தரே வகுத்துக்கொடுத்ததுபோல அதைச் சொல்வார்கள்.

திரும்பி வந்த ஷாஜன், விளையை மண் எடுக்கிறவர்களுக்குப் பேசி முடித்தான். ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் எழுந்து, அப்பா தனக்கென்று வைத்த நிலத்தை விற்கக் கர்த்தர் வழி திறந்தார், ஸ்தோத்திரம் என்றான். பெண்கள் பக்கத்திலிருந்து சுபிதா எழுந்தாள். முக்காட்டை இழுத்து விலக்கினாள்.

“எனக்க தலையப் பாருங்க. இது கர்த்தர் செரைச்சதில்ல.”

போதகர் அவசரமாகப் பாட்டு நம்பர் சொன்னார். ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. செயலாளர் குமாரதாஸ் தன்மையாகத்தான் கேட்டார்: “அப்பன் சொன்னதுக்கு சாட்சி உண்டா மோளே?” சுபிதா அம்மாவைப் பார்த்தாள். செல்லபாய் ஞானப்பாட்டுப் புத்தகத்தின் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “எனக்கு ஓர்மயில்ல, மறந்துபோச்சு,” என்றாள்.

வீட்டுக்கு வந்து சுபிதா போனில் அந்தச் சிலையின் கதையைத் தேடிப் படித்தாள். புத்தர் ஞானத்துக்காக உட்கார்ந்த இடம் தன்னுடையது என்று மாரன் என்னும் தீயவன் படையோடு வந்து சாட்சி கேட்டானாம். அவர் விரலால் பூமியைத் தொட்டாராம். தாய்லாந்துக்காரர்கள் சொல்கிறபடி, பூமி பெண்ணாக எழுந்து கூந்தலைப் பிழிய, அவர் முற்பிறவிகளில் தானம் செய்தபோதெல்லாம் தாரை வார்த்த நீர் முழுவதும் கொட்டி மாரன் படையை அடித்துக்கொண்டு போனது. சுபிதா சிலையை உரச்சாக்கில் போட்டுக் கட்டினாள்.

ஜேசிபி வந்த காலையில் அவள் விளையின் நடுவில் நின்றாள். ஷாஜன் ஓடிவந்தான்.

“ஏட்டி, அதுக்க வெல தெரியுமாட்டி? இஞ்ச தா.”

“சபையில சாட்சி கேட்டாவல்லா. கொண்டுவந்திருக்கேன்.”

புத்தரை மண்ணில் இறக்கி வைத்தாள். அங்கே உடைக்க ஒன்றும் இல்லை. விரல்கள் தொட்டன. ஒவ்வொரு வாழையின் அடிமூட்டிலும் அவள் ஊற்றிய தண்ணீர் மேலே வந்தது. வெயிலில் ஆவியானதும், குலையாகிச் சந்தைக்குப் போனதும் சேர்த்து. சானல் பாசியும் அவள் தலை எண்ணெயும் அதில் மணத்தன. ஜேசிபி மூழ்கியது. டிரைவர் சிஜின் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிப்பிடித்து நீந்தி, “இத நேத்தே சொல்லியிருந்தா லீவு போட்டிருப்பேனே” என்று கரையேறினான். ஷாஜன் அயனி மரத்தில் தொங்கினான்.

“உனக்க விளைதான். தண்ணிய நிறுத்துட்டி.”

“ஊத்துனது அவ்வளவும் வரட்டு. தொங்கு.”

செல்லபாய் வரப்பில் வந்து நின்று, விளை சுபிதாவுக்கென்று அவள் அப்பா சொன்னது உண்டு, என் காதால் கேட்டேன் என்று ஊருக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னாள். “இப்பம் ஓர்ம வந்தாச்சா?” என்றாள் சுபிதா. அந்தச் சொல்லுக்காகத் தண்ணீர் நிற்கவில்லை. கடைசிக் குடமும் வந்து தீர்ந்தபிறகு, சாயங்காலம்தான் நின்றது.

பத்திரம் சுபிதா பெயருக்கு மாறியது. விளை குளமாகிவிட்டதால் அவள் மீன் வளர்க்கிறாள். ஊர் குளிக்கிறது. செல்லபாயும் துணி துவைக்க வருகிறாள். அவள் நிற்கும் படியிலிருந்து மட்டும் தண்ணீர் ஓரடி விலகி நிற்கும். பக்கத்தில் குளிப்பவர்கள் யாராவது அவளுக்கு ஒரு வாளி மொண்டு வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள்.