நூல் வராத பட்டை

மழை விடாத அந்தக் காலையில் ரான் யூஃபென் தன் மருந்துக்கடை இழுப்பறையில் கருகிய பட்டைத் துண்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தாள். இடுப்புவலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சீனத்துக் குய்சோ மலையூர் வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் தூசோங் மரப்பட்டை அது. வாங்க வருகிறவர்கள் ஒரு துண்டை ஒடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். உள்ளிருக்கும் பிசின் வெள்ளிநூலாக நீண்டால்தான் அசல்.

யூஃபென் இதுவரை பச்சைப் பட்டையாக வாங்கி, உப்புநீர் தெளித்துத் தன் கையாலேயே வறுத்தவள். இந்த முறை வியாபாரி ஹௌ வறுத்த மூட்டையையே கொண்டுவந்திருந்தான். பாதி விலை.

"நூலே வரலையே?"

"கருக வறுத்துட்டா எங்கேர்ந்துக்கா வரும்? நாள் முழுக்க அடுப்படியில வேகுறீங்களேன்னு கொண்டாந்தா, கேள்வி கேக்குறீங்க."

சரியாக வறுத்த பட்டையிலும் நூல் அறுந்து அறுந்தாவது வரும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தே வாங்கினாள்.

சற்று நேரத்தில் பஸ் ஓட்டும் கோங் தேலின், வைத்தியர் சீட்டோடு வந்தான். மனைவிக்கு நான்காம் மாதம், இடுப்பு விட்டுப்போகிறதாம். யூஃபென் நிறுத்து வைத்ததில் ஒரு துண்டை எடுத்து ஒடித்தான், இழுத்தான்.

"என்னக்கா இது, எங்க முதலாளிகிட்ட போனஸ் கேட்ட மாதிரி, இழுத்தாலும் ஒண்ணும் வரல?"

"வறுத்ததுப்பா. அப்படித்தான் இருக்கும்."

"நீங்க சொன்னா சரி."

பன்னிரண்டு நாள் கழித்து அவன் மறுபடி வந்தான். கர்ப்பம் கலைந்துவிட்ட செய்தி அதற்கு முன்பே தெருவுக்கு வந்திருந்தது. சண்டைக்குத்தான் வருகிறான் என்று யூஃபென் எழுந்து நின்றாள். ஆனால் அவன் குரல் உயரவில்லை.

"குடிச்ச நாள்லேர்ந்து வாந்தி, தலைசுத்தல். எதனால கலைஞ்சதுன்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டாங்க ஆஸ்பத்திரியில. இவ என்னடான்னா, கஷாயத்த அதிகமாக் கொதிக்க விட்டு நானே கொன்னுட்டேன்னு சோறு தொடமாட்டேங்குறா. எவ்வளவு நேரம் கொதிக்கணும்னு சொல்லுங்கக்கா. போய்ச் சொல்றேன்."

அரைமணி நேரம் என்று சொன்னால் அவன் போய்விடுவான். கடை பிழைத்துவிடும். அந்த அரைமணி நேரத்தை அந்தப் பெண் ஆயுள் முழுக்க எண்ணிக்கொண்டிருப்பாள்.

யூஃபென் கடைச் சாவியைக் கையில் எடுத்தாள்.

"அவ கொதிக்க வச்சதுல தப்பில்லப்பா. அது தூசோங்கே இல்ல. என்ன மரம்னு எனக்கே தெரியாது. தெரியாதுன்னு தெரிஞ்சுதான் உனக்குப் பொட்டலம் கட்டினேன். வா, அவகிட்ட நானே வந்து சொல்றேன். அங்கேர்ந்து மருந்து ஆய்வாளர் ஆபீஸுக்குப் போலாம்."



"துணிக்கடைக்காரன் பொய் சொன்னா சட்டை கிழியும், அவ்வளவுதான்," என்றான் தேலின். "மருந்துக்கடையில சொல்ற பொய்ய நாங்க குடிச்சுடுறோமேக்கா."