ஸ்பாரோவுக்கும் வைனுக்கும் நடுவில்

தேவாலய மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்தபோது குழிக்கு இன்னும் நாலு மண்வெட்டி மண் பாக்கி இருந்தது. அதுவும் விழும்வரை ஹெஸ்டர் டக்வெல் நின்றாள். மற்றவர்கள் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்கு நடந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மிஸஸ் காஸ்லிங் மட்டும் திரும்பி வந்தாள்.

"வா ஹெஸ்டர். ஹாம் வெட்ட ஆள் இல்ல. பாதிரியார் தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்."

"நீங்களே வெட்டுங்க."

"நான் தடிதடியா வெட்டுறேன்னு உங்கம்மா திட்டுவா."

"இன்னிக்குத் திட்ட மாட்டாங்க."

மிஸஸ் காஸ்லிங் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

பாதையோரத்தில் போர் நினைவுக் கல் நின்றது. போய்த் திரும்பாத பதினொரு பேரின் பெயர்கள், ஆங்கில எழுத்து வரிசையில். ஸ்பாரோ, வைன் என்ற இரண்டு பெயர்களுக்கும் நடுவில் ஒரு வரி அளவு வெறும் கல். அது ஹெஸ்டரின் தம்பி அம்ப்ரோஸ் டக்வெல்லின் இடம்.

1917-இல் பெல்ஜியத்தில் அவன் காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. கல் வைத்த வருஷம் அம்மா அடுப்படி ஏப்ரனோடு கமிட்டிக் கூட்டத்துக்குப் போய், "உடம்பைக் காட்டுங்க, பேரைத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கல்தச்சர் ஜெஸ்ஸி ஓட்வே ஒரு வரியை வெட்டாமல் விட்டார். பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது என்று கமிட்டியில் திட்டினார்கள். அவர் காதில் விழாதவர்போல் உளியைத் துடைத்தார்.

ஒவ்வொரு நவம்பரிலும் பாதிரியார் பெயர்களை வாசிப்பார். ஸ்பாரோ என்றதும் ஒரு மூச்சு நிறுத்துவார். பிறகு வைன். அந்த ஒரு மூச்சில் யாரும் இருமுவதில்லை.

ஹெஸ்டருக்கு அந்தப் பெயர் கல்லில் வேண்டும். பூ வைக்க ஓர் இடம் வேண்டும். இதற்காக அம்மாவோடு பேசாமல் ஒரு கிறிஸ்துமஸையே கழித்திருக்கிறாள். அம்மா பதில் சொன்னதில்லை. தினமும் பின்கதவைத் தாழ்போடாமல் படுக்கப் போவாள். அம்ப்ரோஸ் வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாது.

ஜெஸ்ஸி ஓட்வே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கல்லருகில் நின்றிருந்தார். நல்ல கோட்டு. பையில் பென்சில் துருத்திக்கொண்டிருந்தது.

"சாவு வீட்டுக்குப் பென்சிலோட வந்தீங்களா, மிஸ்டர் ஓட்வே?"

"அதுவாக் கெடந்தது கண்ணு." தொப்பியை ஒருமுறை சுற்றினார். "இந்த இடத்தை அடைக்காம இருக்கிறதுக்கு உங்கம்மா வருஷா வருஷம் ஆப்பிள் கேக் அனுப்புவாங்க. உளி வெச்சுத்தான் பொளக்கணும்."

ஹெஸ்டர் சிரித்துவிட்டாள். மூன்று நாளில் முதல் தடவை.

"அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்," என்றார் அவர். "அவங்க சரின்னு சொல்லாம உளி வைக்க மாட்டேன்னு. போறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சொன்னாங்களா?"

சொன்னார்கள் என்று சொல்லிவிடலாம். கேட்க யாரும் இல்லை. ஹெஸ்டர் கையுறையைக் கழற்றினாள்.

"இதப் பத்தி ஒண்ணும் சொல்லல. திங்கக்கிழமை மத்தியானம், பின்கதவைத் தாழ்போட்டுடுன்னாங்க. அவ்வளவுதான்."

பதினாலு வருஷத்தில் தாழ் துருவேறி இறுகியிருந்தது. அன்று பன்றிக்கொழுப்பைத் தடவி, கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி நகர்த்தினாள். அது உள்ளே போய் விழுந்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. "போட்டாச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே அறைக்குத் திரும்பினாள். அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனாளா, அதற்கு முன்பே போய்விட்டாளா, தெரியவில்லை.

ஜெஸ்ஸி ஓட்வே தரையைப் பார்த்தார். அந்தக் கதவைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"அவங்களுக்குக் குளிரா இருந்திருக்கலாம்," என்றாள் ஹெஸ்டர்.

"திங்கக்கிழமை நான் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வேல பாத்தேன். என்ன குளிர்?"

அவர் பென்சிலை எடுத்தார். இடது கையைக் கல்லில் விரித்து வெறும் வரியை அளந்தார்.

"புது எழுத்து கொஞ்ச நாள் வெள்ளையா நிக்கும். ரெண்டு குளிர்காலம் போனா மத்ததோட சேந்துரும். நவம்பருக்குள்ள முடிச்சிடறேன்."

ஹெஸ்டர் அவருடைய கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். மேலும் கீழும் பெயர்களின்மேல் மஞ்சள் பாசி படர்ந்திருந்தது. வெறும் வரியில் மட்டும் பாசி இல்லை. கல் வழவழவென்று இருந்தது, யாரோ வாராவாரம் துடைத்து வைத்ததுபோல. விரலை அங்கிருந்து எடுக்க அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"மிஸ்டர் ஓட்வே."

"ம்?"

"அப்போ இனிமே பாதிரியார் அந்த இடத்துல நிறுத்த மாட்டாரு, இல்ல?"