ஆளில்லாத் தெரு

நசீர் மனிதர்களை வரைய மாட்டான். ஆடு, கோழி, காக்கை எதையும் வரைய மாட்டான். மரம் வரைவான், மண் வரைவான், தாராவியை ஒட்டிக் கறுத்துக் கிடக்கும் மித்தி ஆற்றை வரைவான். கும்பார்வாடாவில் பானை செய்கிறவர்களிடம் களிமண் கேட்டு வாங்கிக் குழைப்பான். ஆற்றுச் சேற்றைக் காயவைத்து, இடித்துச் சலித்து, அதையும் வண்ணத்தில் சேர்ப்பான். கிட்டே போய் நின்றால் படம் இலேசாக நாறும். அவன் படங்களைக் கண்காட்சியில் வைத்து விற்றுக் கொடுக்கும் மாட்டுங்கா மானசா, அந்த நாற்றத்துக்கும் சேர்த்துத்தான் விலை என்று சிரிப்பாள்.

மனிதர்களை வரையாததற்குக் காரணம் அவன் உம்மா மதீனா பீவி. சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் அடுப்புக்கரியால் வீட்டுச் சுவரில் வாப்பாவை வரைந்துவிட்டான். தோல் பதனிடும் வேலை முடிந்து வந்து, ஒரு காலை மடக்கி உட்கார்ந்து டீ குடிக்கிற நாகூர் மீரான். உம்மா பார்த்தாள். ஈரத்துணியைக் கொண்டுவந்து தேய் தேய் என்று தேய்த்தாள்.

"மறுமையில அல்லா ஒன்ன நிப்பாட்டி, நீ வரைஞ்சதுக்கு உசுரு குடுன்னு கேப்பான். ஒன்னால குடுக்க முடியுமாலே? முடியாதுல்லா? அப்ப உசுருள்ளத வரையாத."

அன்றைக்குத் தலையாட்டியவன்தான். அந்த வாக்கைப் பிடித்த பிடியாகக் காப்பாற்றினான். ஓவியக் கல்லூரியில் ஆளை உட்காரவைத்து வரையும் வகுப்பில், ஆள் உட்கார்ந்திருந்த ஸ்டூலை மட்டும் வரைந்து கொடுத்தான். வாத்தியார்கள் முதலில் திட்டினார்கள். பிறகு அதுவே அவன் பாணி என்று மெச்சினார்கள். படித்தவர்களுக்கு எதற்கும் ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. நசீரும் அதை நம்பினான். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு, கொடியில் காயும் லுங்கி, ஆவி பறக்கும் இட்லிக் கொப்பரை, இவற்றைப் பார்த்தால் ஆள் தெரியாதா? சதுப்பை மேடாக்கிக் குடியேறிய சனத்தின் கதையையும், ஆறு சாக்கடையான கதையையும் ஆள் இல்லாமலே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான்.

அப்படி அவன் வரைந்ததிலேயே பெரிய படம் அவர்களுடைய தெரு. இரண்டு பக்கமும் தகரமும் செங்கலுமாக வீடுகள், கோடியில் ஒரு நாட்டு வாதாம் மரம், அதற்கப்பால் ஆறு. ஒரு ஜீவன் கிடையாது. மானசா அதை நல்ல விலைக்கு விற்றாள். வாங்கியது யாரென்று அவன் கேட்கவில்லை. அந்தப் பணத்தில்தான் உம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது.

இதற்கிடையில் மாடி கட்டப்போகும் கம்பெனியின் ஆட்கள் வந்து தெருவை அளந்தார்கள். கதவுக்குக் கதவு சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டார்கள். பல காலமாகக் குடியிருப்பதற்குக் காகிதம் வைத்திருப்பவர்களுக்கு என்றைக்காவது இங்கேயே ஒரு வீடு, மற்றவர்களுக்கு எங்கேயோ தொலைவில். எப்படியானாலும் அடுத்த வாரம் எல்லோரும் காலி செய்தாக வேண்டும், அதற்கடுத்த நாளே இடிப்பு.

சயான் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது, சிக்னலில் மதீனா பீவிதான் முதலில் பார்த்தாள். வானத்தை மறைத்து நிற்கும் விளம்பரப் பலகையில் நசீரின் தெரு. அதன் பின்னால் கண்ணாடி மாடிகள். மேலே இந்தியில் ஒரு வரி. அவளுக்கு இந்தி பேச வரும், படிக்க வராது.

"என்னலே எழுதியிருக்கு?"

நசீர் வாசித்துச் சொன்னான். "காலி நிலம், புது வாழ்க்கைன்னு போட்டிருக்கான் உம்மா."

"இது நம்ம தெருல்லா? அந்தா பேராச்சி வீடு, இந்தா நம்ம வீடு." புதுக் கண்ணால் பலகையை மேலும் கீழும் தேடினாள். "சனம் எங்கலே?"

சிக்னல் விழுந்து ஆட்டோ நகர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் மானசாவுக்குப் போன் செய்தான். "விக்கறச்சே, எங்க வேணா போட்டுக்கற ரைட்ஸும் சேத்துதான் நசீர் அந்தக் கம்பெனிக்காரனுக்குக் குடுத்தோம். சத்தியமா, இப்படிப் பண்ணுவான்னு நேக்குத் தெரியாது" என்று அவள் அழுதாள். அழுது என்ன பிரயோசனம்? சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எதிர் வீட்டில் இட்லி அவித்து விற்கும் பேராச்சி, கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏய்யா நசீரு, விடியமுன்ன எந்திச்சு அவிக்கேன். எங் கொப்பரையில ஆவி பறக்கது ஒனக்குத் தெரிஞ்சிருக்கு, நான் தெரியலையா? நாங்க எல்லாரும் செத்தா போயிட்டோம்?"

வெட்கத்தில் நசீர் குறுகிப்போனான். இத்தனை வருஷமும் இந்த மண்ணுக்காக வரைகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், இடிக்க வருகிறவனுக்குத் தெருவைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்திருக்கிறான்.

மறுநாள் காலையில் உம்மா அவன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கள வரைஞ்சு வையிலே."

"உம்மா, நீங்கதான வேண்டாம்னு..."

"நாந்தான் சொன்னேன். இப்பவும் நாந்தான் சொல்லுதேன். அல்லா கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். நாங்க இருந்தோம்னு ஒரு துணியிலயாவது இருக்கட்டும்."

நசீர் துணியை இழுத்துக் கட்டினான். பேராச்சி குளித்துப் பூ வைத்துக்கொண்டு கொப்பரையோடு வந்து உட்கார்ந்தாள். கொப்பரை அப்படியே வந்தது. அவள் சேலை வந்தது, காப்பு வந்தது. முகம் வரவில்லை. அழித்து அழித்து வரைந்தான். கடைசியில் பேராச்சி எழுந்து வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. யாருன்னுதான் தெரியல."

தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் கண் கலங்கித்தான் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

உம்மா துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். தினமும் பார்க்கிற முகம். காய்ந்த சேற்றில் ஒவ்வொரு வெடிப்பையும் கொண்டுவருகிற கை, அந்த முகத்தின் ஒரு கண்ணைக்கூடப் பிடிக்க முடியாமல் தடுமாறியது. பழகாத கை. பழக வேண்டிய வயதெல்லாம் ஸ்டூல் வரைந்த கை. வெளிச்சம் மங்கும்வரை முயன்றுவிட்டுத் தூரிகையைக் கீழே போட்டான்.

"வரல உம்மா. எனக்கு வரல." சின்னப் பிள்ளைபோல அழுதான்.

மதீனா பீவி திட்டவில்லை. எழுந்து சுவரோரம் போனாள். இடுப்பு உயரத்தில் ஓரிடத்தை உள்ளங்கையால் தடவினாள்.

"அப்ப ஒனக்கு வந்துச்சுலே. இங்கதான். ஒங்க வாப்பா அப்படியே இருந்தாவ. அந்தக் காலு மடக்கு, அந்த மூக்கு, டீய ஊதுற வாயி, எல்லாம். பயந்துபோய்த்தான் அழிச்சேன். பேசிருவாவளோன்னு பயம்."

வாப்பா போய் வருஷங்களாகிவிட்டன. அவர் முகம் இருந்த ஒரே அடையாள அட்டையும் பெருமழை வெள்ளத்தில் சேறாகிவிட்டது. வீட்டில் வேறு படம் கிடையாது.

நசீர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். வண்ணம் சுரண்டும் தகட்டை எடுத்து, அவள் கை இருந்த இடத்தில் மெல்லச் சுரண்டினான். நீலம் உதிர்ந்தது. அதன் கீழே ரோஸ், அதன் கீழே பச்சை, ஒவ்வொரு பெருநாளுக்கும் அடித்த சுண்ணாம்பு. கடைசியில் வெறும் வெள்ளை. கரியின் நிழல்கூட இல்லை. உம்மா அன்றைக்கு நன்றாகத்தான் தேய்த்திருந்தாள்.

"போதும்லே" என்றாள் அவள். "செவரு உதுந்திரும்."

அடுத்த வாரம் அந்தச் சுவரே இருக்காது என்பது இருவருக்கும் தெரியும். அவன் இன்னும் கொஞ்சம் சுரண்டினான். அவள் தடுக்கவில்லை.