ஒரு கணக்குக்கு இரண்டு விடை

இருபத்து மூன்றாவது விடைத்தாளில் கணக்கு டீச்சரின் சிவப்புப் பேனா நின்றது. x-லிருந்து சைன் x-ஐக் கழித்து, x-இன் மூன்றாம் படியால் வகுக்கிறோம். x பூஜ்யத்தை நெருங்கும்போது எல்லை என்ன? இதுதான் எட்டாவது கேள்வி. தாளை எழுதிய பிள்ளை சைனை டெய்லர் தொடராக, x-இன் படிகளாக, விரித்து, முதல் உறுப்பு அடிபட்டதும் அடுத்ததைப் பிடித்துக்கொண்டு, ஆறில் ஒன்று என்று முடித்திருந்தது. விடைக்குறிப்பிலோ பூஜ்யம்.

குறிப்பு எழுதிய மகாராசன் சைன் x-க்குப் பதில் வெறும் x-ஐப் போட்டுவிட்டு, மேலே ஒன்றும் மிச்சமில்லை என்று கைகழுவியிருந்தார். அவர் உதறிய உறுப்பில்தான் விடையே இருந்தது. அந்தக் குறிப்பை நம்பி இருபத்திரண்டு தாள்களைத் திருத்தியாயிற்று.

விடைத்தாள் திருத்தும் கூடத்தின் கோடியில் இருந்த தலைமைத் திருத்துநரிடம் போனாள்.

"சார், எட்டாவது கேள்விக்குக் குறிப்பு தப்பு."

"அது மேல இருந்து வந்தது, டீச்சர். நாம திருத்த மட்டுந்தான் வந்திருக்கோம்."

கால்குலேட்டரில் x-க்குப் புள்ளி ஒன்று போட்டு அவர் முன்னால் நகர்த்தினாள். புள்ளி ஒன்று ஆறு ஆறு என்று வந்தது.

"பூஜ்யத்துக்குக் கிட்டதானே இருக்கு?" என்றார் அவர்.

"இன்னும் சின்னதா போட்டாலும் இதேதான் சார் வரும். குறையவே குறையாது."

வேண்டாவெறுப்பாகத் தொலைபேசியை எடுத்தார். பதில் வர இரண்டு மணி நேரமானது. அதற்குள் பக்கத்து மேசைத் தோழி மூன்று கட்டு முடித்துவிட்டாள்.

"ஊரு வம்பெல்லாம் உனக்கு எதுக்குடி?" என்றாள்.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு உத்தரவு வந்தது. இரண்டு விடைக்கும் முழு மதிப்பெண்.

"ஒரு கணக்குக்கு ரெண்டு எல்லை எப்படி சார் இருக்கும்?"

"எனக்குப் புரியுது. அவங்களுக்குப் புரிய வைக்க என்னால ஆகாது."

பல்லைக் கடித்துக்கொண்டு இடத்துக்குத் திரும்பினாள். பழைய தாள்களில் ஆறில் ஒன்று எழுதி அடி வாங்கியிருந்த நால்வருக்கு ஐந்தைந்து மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டாள். ஒரு வரிகூட எழுதாமல் பூஜ்யம் என்று கிறுக்கியிருந்தவனின் ஐந்து அப்படியே இருந்தது.

அடுத்த தாளில் ஒரு பிள்ளை விரிவை ஒழுங்காக எழுதி, கடைசி வரியில் மட்டும் குறி மாறிப்போய், கழித்தல் ஆறில் ஒன்று என்று முடித்திருந்தது. விதிப்படி அதற்கு இரண்டு மதிப்பெண்தான்.

இரண்டு போட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.