கோபால்சாமி வீட்டு உலக்கை

“கதவச் சாத்திக்கினாதான் சாமை குத்த வருமாப்பா?” என்று ஒருநாள் கன்னியம்மாள் கேட்டாள். ஐந்து வயசுப் பிள்ளை. உலக்கையைப் பிடித்தபடி நின்ற கோபால்சாமி கதவை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான்.

புளி பொறுக்கப் போன இடத்தில் அவன் மனைவி செல்லியம்மாள் பாறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தாள். உறவுப் பெண்கள் கொஞ்சநாள் குத்திக் கொடுத்தார்கள். பிறகு அவரவருக்கு அவரவர் புளி. பிள்ளைக்குச் சோறு வேண்டுமே.

ஆனால் மலைமேல் அந்த ஊரில் உலக்கை தொட்ட ஆண் முதல் ஏர் பிடிக்கக் கூடாது. கோடை மழைக்குப் பின் ஊருக்காக முதல் சால் ஓட்டும் உரிமை வீட்டுக்கு வீடு சுற்றி வரும். அந்த வருசம் கோபால்சாமியின் முறை. அவன் அப்பா அதற்குக் காத்திருந்தே கண்ணை மூடியவர்.

அதனால்தான் கதவு. ஜன்னலில்லாத வீடு. உமித்தூசி மூச்சை அடைக்கும், திறக்க முடியாது. உரலுக்கடியில் சாக்கு போட்டும் சத்தம் அடங்கவில்லை. பெண்கள் கை மாற்றி மாற்றிச் சீராகக் குத்துவார்கள். இவன் குத்து விறகு பிளப்பது போல விழுந்தது. செல்லியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அவளுக்கு அவனைவிட வெட்கம்.

ஒரு காலையில் அந்த வழியாகப் போன ஊர்க்காரன் பஞ்சாட்சரம் வாசலில் நின்று குரல் கொடுத்தான். “இன்னாடா கோபாலு, மாட்ட வூட்டுக்குள்ளயே கட்டிட்டியா? தொம்மு தொம்முனு கேக்குது.”

உள்ளே உலக்கை பாதியில் நின்றது.

அப்போது பக்கத்து வீட்டு மங்கம்மாள் தன் உரலில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். புருசனை இழந்து தனியாக இருப்பவள். “அது என் ஒலக்க மாமா. புதுப் பூண், கனமா கீது.”

பஞ்சாட்சரம் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அன்றுமுதல் இவன் கதவைச் சாத்தினால் அவள் உலக்கையும் எழும். கடவுள் சில சமயம் சத்தமாகவும் துணைக்கு வருவார்.

மங்கம்மா அத்தை உரலில் வெறும் உமிதான் இருக்கிறது என்று ஒருநாள் கன்னியம்மாள் வந்து சொன்னாள். கோபால்சாமி உலக்கையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மழை பெய்தது. அவன் முதல் ஏர் ஓட்டினான். ஊர்க்கவுண்டர் அவன் உள்ளங்கைக் காய்ப்பைத் தடவிப் பார்த்து, “இதுதாண்டா ஆம்பள கை,” என்றார். அது உலக்கை கொடுத்த காய்ப்பு. அவன் கையை மூடிக்கொண்டான். வெட்டவெளியில் நின்றும் அந்தக் கதவுக்குள்ளேயே இருப்பது போலிருந்தது.

அடுத்த சந்தை நாளில் ஊரே புளிமூட்டையோடு ஆலங்காயத்துக்கு நடந்து இறங்கியது. கைக்கட்டு அவிழ்க்கச் செல்லியம்மாளும் பிள்ளையோடு போனாள். மாடுகளுக்காக அவன் தங்கினான். மங்கம்மாள் தன் வீட்டுக்குள் காய்ச்சலில் அயர்ந்து கிடந்தாள். அவள் வாசலில் முறம் நிறையச் சாமை காய்ந்துகொண்டிருந்தது.

நல்ல வெயில். கோபால்சாமி அவள் வாசல் உரலிலேயே சாமையைக் கொட்டினான். கை மாற்றி மாற்றிக் குத்தினான். இப்போது சீராகவே விழுந்தது. புடைத்த அரிசியை அவள் பானையில் இட்டு மூடினான். உலக்கையை இருந்த மூலையிலேயே சாத்திவிட்டு, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.